சிவந்து போன மன்னர்

முன்னொரு காலத்தில் நொய்யல் கரை நாட்டைக் கோப்பண்ணர் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு என்றிருப்பவர். ஆனாலும் அவர்மேல் யாருக்கும் கோபம் வராது. மாட்டைக் கண்டால் போதும், சிம்மாசனத்தை மறந்து ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வார்.

வளர்ந்த காளைகளையே வாங்கிப் பழகிய அரண்மனைக்கு, "இந்தத் தடவை கன்றாக வாங்கி வளர்ப்போம்" என்று மந்திரி வேலப்பர் யோசனை சொன்னார். தை மாதம் வள்ளாத்தாள் என்ற குடியானவப் பெண் தன் பசுவையும் காளைக்கன்றையும் ஓட்டிவந்தாள். பசு சாம்பல் நிற மயிலை. கன்றோ செங்கல் நிறம். விலையாக அவள் கேட்டது ஒரு ஜோடி உழவு எருது.

"ஆடி மழைக்கு உழுதாகோணுமுங்க சாமி. இல்லீனா இந்த வருசமும் எங்காடு தரிசுதானுங்க."

மந்திரி எதைச் சொன்னாலும் வயிறெரிகிற பிரதானி ஒருவர் சபையில் இருந்தார். தாண்டவராயர் என்று பெயர். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வண்டியில் ஏறுவதும் இறங்குவதும்தான்.

"தாய் மயிலை, கன்று சிவப்பு! இனம் கலந்தது, மன்னா. கறி விலைதான் போகும். அந்தக் கறியும் நார் நாராக இருக்கும்!"

"பொறக்கறப்ப செவப்புத்தானுங்க. வளர வளர மயிலையாயிருமுங்க" என்றாள் வள்ளாத்தாள்.

"ஆகாவிட்டால் என் பதவியை விட்டுவிடுகிறேன். ஆகிவிட்டால் இவளுக்கு ஒரு ஜோடி எருது பிரதானியார் தரவேண்டும்" என்றார் வேலப்பர்.

"சம்மதம்! ஆனால் கன்று என் கொட்டிலில் இருக்கட்டும். மந்திரி வீட்டில் விட்டால் சாம்பலைப் பூசிவிடுவார்."

"ஆடிப் பிறப்பன்று பார்த்துவிடுவோம்" என்றார் மன்னர்.

ஆடியும் பிறந்தது. கன்று சபைக்கு வந்தது. அதே செங்கல் நிறம்! வள்ளாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னர் ஆசையோடு எழுந்தார்.

"கிட்டே போகாதீர்கள், முட்டும்!" என்று தாண்டவராயர் குறுக்கே பாய்ந்தார்.

வேலப்பருக்குப் பொறி தட்டியது. "நான் பதவியை விட்டுப் போகிறேன், மன்னா. போகுமுன் ஒரே ஆசை. பாவம், கன்று தங்களையே பார்த்து நிற்கிறது. ஒரு தடவை கட்டிக்கொள்ளுங்கள்."

இதைவிட வேறென்ன வேண்டும்? மன்னர் பிரதானியைத் தள்ளிவிட்டுக் கன்றின் கழுத்தைக் கட்டிக் கன்னத்தோடு கன்னம் இழைத்தார். நிமிர்ந்தபோது வெண்பட்டு, தாடி, மூக்கு எல்லாம் காவி! கன்றின் கழுத்திலோ பளிச்சென்று மயிலை நிறம்.

"கன்று மயிலையாகிவிட்டது, மன்னா. தாங்கள்தான் சிவந்துவிட்டீர்கள்" என்றார் வேலப்பர்.

மன்னர் தாடியைத் தடவி விரலைப் பார்த்தார். பிறகு தாண்டவராயரைப் பார்த்தார்.

"சொல்லுமய்யா, நானும் கறி விலைக்குத்தான் போவேனா?"

பிரதானி காலில் விழுந்தார். அன்றே அவருடைய எருதுகள் வள்ளாத்தாளின் காட்டுக்குப் போயின. கன்றைத் தேய்த்துக் குளிப்பாட்டும் வேலை அவருக்கே கிடைத்தது. மன்னர் மட்டும் அன்று குளிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆடியில் மழையும் பெய்தது, வள்ளாத்தாள் காடும் விளைந்தது. கேட்ட நம் மனமும் குளிர்ந்தது.