கூடைக்குள் கத்திய காக்கை

அந்தக் காலத்தில், காக்கையும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தைகள் பசிக்கும் ஈரத்துக்கும் மட்டும்தான் அழும். கண்ணில் பட்டது உண்டு, படாதது இல்லை. அதுகள் கணக்கு அவ்வளவுதான். அம்மா "போறேன்" என்று கிளம்பினால், ஏன் எங்கே என்று கேட்க நாதியில்லை.

கடலோரக் கழியில் மட்டிச் சிப்பி பொறுக்கிப் பிழைத்த பெரியநாச்சிக்கு இது முதலில் சௌகரியமாகத்தான் இருந்தது. மகன் செம்பனை அடுத்த குடிசைக்காரியின் பார்வையில் விட்டுப் போவாள், அவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். சாயங்காலம்தான் வினை. வந்து தூக்கினால் யாரோ எவளோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான், மாரில் வாய் வைக்கமாட்டான். பிள்ளை வற்றலாய்க் காய்ந்துகொண்டு வந்தது. பெற்றவளுக்கே வேற்றுமுகமா என்று நாச்சி நொந்துபோனாள்.

இதில் கொழுத்தது ஒரு காக்கை. செம்பன் கையிலிருக்கும் சுட்ட மீனைப் பிடுங்கும், அவன் எதிரிலேயே ஒரு பூவரச இலையைப் போட்டு மூடும். மீன் இல்லாமல் போய்விட்டதென்று அவன் வேறு பக்கம் பார்ப்பான். அழுகை கேட்காததால் அடுத்த குடிசைக்காரிக்கும் ஒன்றும் தெரியாது.

ஒருநாள் கழியில் தண்ணீர் சீக்கிரமே ஏறிவிட, பாதியில் திரும்பிய நாச்சி இந்தத் திருட்டைப் பார்த்துவிட்டாள். வந்ததே கோபம்! மட்டிக் கூடையைக் காக்கைமேல் கவிழ்த்தாள்.

செம்பனைப் பொறுத்தவரை காக்கை ஒழிந்தது. விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். காக்கை சும்மா கிடந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதற்குத்தான் வாய் சும்மா இருக்காதே, உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கத்தியது. செம்பன் விரலை எடுத்தான். காக்கையைக் காணோம், குரல் மட்டும் வருகிறது. கூடையையே வெகுநேரம் பார்த்தான். பிறகு தவழ்ந்து போய் அதன் விளிம்பைத் தூக்கினான்.

காக்கை விடுபட்டுக் கூரைமேல் உட்கார்ந்து இறகை உதறியது.

"காரியத்தைக் கெடுத்துட்டியே நாச்சி. மறைஞ்சாலும் இருக்கும்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே என் பிழைப்பும் போச்சு, உன் நிம்மதியும் போச்சு."

கடைசியில் சொன்னது நாச்சிக்கு மறுநாள் காலைதான் விளங்கியது. "போறேன்" என்று வாசலைத் தாண்டினாள். செம்பன் வீறிட்டான். பசியுமில்லை, ஈரமுமில்லை. அழுகை கழிவரை துரத்தியது, பால் கட்டி மார் வலித்தது, பெற்ற வயிறு எரிந்தது. திரும்பி வந்து அவன்முன் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் அதை இழுத்துவிட்டுச் சிரித்தான். மறுபடி மூடினாள், மறுபடி இழுத்தான்.

"பார்த்தியா, இங்கேதான் இருக்கேன். போயிட்டு வர்றேன்டா" என்று கிளம்பினாள். அப்போதும் அழத்தான் செய்தான்.

சாயங்காலம் அவள் தலை தெரிந்ததுமே தவழ்ந்து வந்து மடியேறி, முந்தானையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வயிறு முட்டக் குடித்தான். நாச்சி சந்தோஷத்தில் அழுதாள்.

அன்று முதல்தான் அம்மா வாசலைத் தாண்டினால் பிள்ளை அழுகிறது. அன்று முதல்தான் நாமும், எங்கே கிளம்பினாலும், "போறேன்" என்று சொல்வதில்லை.