தடம் பதியாத பள்ளம்

ஒரு காட்டில் என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை, குழந்தைகளே. ஆனால் இந்தக் கதை நடந்த இடத்தில் காடு கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மணல். மணலுக்கு நடுவே ஓர் ஊற்று, ஊற்றுக்கு மேற்கே வண்டல் மண் படிந்த ஒரு பெரிய பள்ளம். அவ்வளவுதான் ஊர்.

எப்போதோ பெய்யும் மழை அந்தப் பள்ளத்தில்தான் தேங்கும். பிறகு மெல்ல மண்ணுக்குள் இறங்கி, அடி வழியாகவே போய், ஊற்றில் சுரக்கும். அதை நம்பித்தான் முயல்களும் கழுதைகளும் உடும்பும் கௌதாரியும் அங்கே வாழ்ந்தன. ஒட்டகம் அவற்றுக்குத் தலைவன். நல்ல மனசு அதற்கு. என்ன, யார் எதைச் சொன்னாலும் அதற்குச் சரியென்று பட்டுவிடும்.

வேறு பக்கங்களில் மழை பொய்த்ததால் புதிய விலங்குகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு இடம் கொடுக்க ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் யாருடைய காலடித் தடமும் இல்லையோ, அந்த இடத்தைத் தோண்டி வளை அமைத்துக்கொள்ளலாம். தடம் இருந்தால் ஆள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதனால் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

ஆனால் வளைகள் பெருகிப் பெருகிப் பள்ளத்தின் ஓரம் வரை வந்துவிட்டன. முதலில் பயந்தது கௌதாரிதான். அதன் குஞ்சுகள் முட்டையை விட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தன. பள்ளத்திலும் வளை தோண்டிவிட்டால் மழை தேங்க இடமிருக்காது, ஊற்று வற்றிவிடும். அடுத்த ஊற்றோ வெகுதூரம். அவ்வளவு தூரம் நடக்க அந்தக் கால்களுக்கு வலு ஏது?

அது ஒட்டகத்திடம் ஓடியது. "பள்ளத்தை மட்டும் சும்மா விட்டுடுங்க, ஐயா. புல்லும் வன்னி மரமும் முளைக்கட்டும். வேர் ஓடினாத்தான் மண்ணு இளகும், தண்ணி உள்ளே இறங்கும்."

ஒட்டகத்துக்கு அது சரியென்று பட்டது. இனிமேல் பள்ளத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஊருக்கு அறிவித்தது.

யாரும் கால் வைக்கவில்லை. பழைய தடங்களைக் காற்று அழித்தது. மெல்லிய புல் தலைகாட்டியது. வன்னிக் கன்றுகளும் இரண்டு இலை விட்டன. கௌதாரிக்கு அன்றுதான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு நரி தன் குடும்பத்தோடு வந்து சேர்ந்தது. விடிந்ததும் ஊரைச் சுற்றியது. பள்ளத்தைப் பார்த்ததும் அதற்கு வாயெல்லாம் பல். நேராக ஒட்டகத்திடம் போனது.

"அண்ணே, அந்தப் பள்ளத்துல ஒரு தடம்கூட இல்லை. எனக்குக் கொடுத்துடுங்க."

"அது யாருக்கும் கிடையாதுப்பா. ஊருக்கே பொது."

"எல்லாருக்கும் பொதுன்னா எல்லாரோட தடமும் இருக்கணுமே அண்ணே. ஒருத்தர் தடமும் காணோமே."

ஒட்டகம் யோசித்தது. கால் வைக்காததால் அந்த இடம் பிழைத்தது. கால் வைக்காததாலேயே அது கைவிட்டுப் போகிறது. அப்படியானால் கால் வைக்க வேண்டுமா, கூடாதா? எழுதுகிற எனக்கே தலை சுற்றுகிறது, பாவம், ஒட்டகம் என்ன செய்யும்? நாளைக்கு வா, தடம் இருக்கும் என்று நரியை அனுப்பிவிட்டு, உடனே இன்னோர் அறிவிப்புச் செய்தது. எல்லோரும் பள்ளத்தில் இறங்கி நடக்க வேண்டும்.

ஊரே குழம்பிப்போனது. நேற்றுவரை நடந்தால் தப்பு, இன்று நடக்காவிட்டால் தப்பு. ஒரு முயல் முன்னங்காலைத் தூக்கியபடி கரையிலேயே நின்றது, வைப்பதா எடுப்பதா என்று தெரியாமல். உடும்பு பிடித்தால் விடாத ஜாதி, ஆகவே சுற்றிச் சுற்றி மிதித்தது. கழுதைகளுக்கோ கொண்டாட்டம். ஒட்டகமும் இறங்கித் தன் பங்குக்கு மிதித்தது.

கௌதாரி அதன் காலடியில் ஓடி ஓடிக் கெஞ்சியது. "புல்லெல்லாம் சாகுதே, ஐயா."

"இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்கோ, தாயி. தடம் இல்லேன்னா இடமே போயிடும்."

பொழுது சாயும் வரை எல்லாம் மிதித்தன. புல் மாவாகிப் போனது. கன்றுகள் மண்ணோடு மண்ணாயின. இளகிக் கிடந்த மண், கட்டாந்தரையாக இறுகிவிட்டது.

மறுநாள் காலையில் நரி வந்தது, ஒட்டகமும் வந்தது. இரண்டும் குனிந்து பார்த்தன. ஒரு தடம்கூட இல்லை. அவ்வளவு இறுகிய தரையில் தடம் எப்படிப் பதியும்?

ஒட்டகத்துக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஊரே நடந்ததை அது கண்ணால் பார்த்ததே. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். எடுத்துக்கொள் என்று நரியிடம் சொல்லிவிட்டது.

நரி ஆசையோடு தோண்டப் பார்த்தது. நகம் முறிந்ததுதான் மிச்சம். இந்தக் கல்லுத் தரை யாருக்கு வேணும் என்று முணுமுணுத்துவிட்டுக் குடும்பத்தோடு வேறு ஊர் தேடிப் போய்விட்டது.

ஒட்டகத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பார்த்தியா தாயி, பள்ளம் நமக்கே கிடைச்சுடுச்சு. ஒரு வளைகூட இல்லாம காலியாத்தான் இருக்கு."

கௌதாரி குனிந்து அந்தத் தரையை அலகால் கொத்திப் பார்த்தது.

மழை வந்தது, நல்ல மழை. இறுகிய தரையில் தண்ணீர் ஒரு சொட்டும் இறங்கவில்லை. பள்ளத்தில் நிறைந்து, கரையின் தாழ்ந்த பக்கமாக வழிந்தது. மிச்சம் நின்றதையும் அடுத்து வந்த வெயில் குடித்துவிட்டது. கோடையில் ஊற்று சேறானது. பிறகு சேறும் காய்ந்தது.

பள்ளத்தை இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றியும் ஏன் இப்படி ஆனது என்று ஒட்டகம் திகைத்துப் போய்க் கேட்டது.

"நீங்க காலி இடத்தைக் காப்பாத்தினீங்க, ஐயா. தண்ணியை யாரும் காப்பாத்தலை" என்றது கௌதாரி.

குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அது அடுத்த ஊற்றை நோக்கி நடந்தது. எல்லாக் குஞ்சுகளும் போய்ச் சேர்ந்தன என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை, குழந்தைகளே. சேரவில்லை.

நீதி: எதற்காகக் காக்கிறோம் என்பதை மறந்துவிட்டுக் காப்பது, அழிப்பதற்குச் சமம்.