துணியை அப்புறம் போர்த்தலாம்

“அவ சொன்ன மாதிரிதான் வெட்டினேன் மாஸ்டர். பிறகு ஏன் அழுதா?”

வடிவு கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்கு. போட்டாள் என்பதுதான் சரி.

ஜெசிந்தா மாஸ்டர் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மாசக்கணக்காக இதே கேள்வியைக் கேட்டு அவள் காது புளித்துப்போயிருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே, மாடியில் இருந்தது அந்தப் பெண்கள் பார்லர். மாஸ்டருக்கு வடிவைவிட வயது குறைவு. அதனால் அவள் வடிவை அக்கா என்பாள், தொழில் கற்றுக்கொடுப்பவள் என்பதால் வடிவு அவளை மாஸ்டர் என்பாள். நூற்பாலையில் பேக்கிங்கில் நின்று நின்று கால் வீங்கி, நரைக்கிற வயசில் புதுசா ஒரு தொழிலா என்று வீட்டில் சிரித்தவர்களை எல்லாம் தாண்டி இங்கே வந்து சேர்ந்தவள் வடிவு.

நல்ல கை அவளுக்கு. வெட்டு கோணாது. ஆனால் அவளிடம் முடி வெட்டிக்கொண்டவர்கள் கண்ணாடியைப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்று இழுப்பார்கள். அடுத்த முறை வரமாட்டார்கள்.

முத்துச்செல்வி என்ற பெண் மட்டும் அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டாள்.

“தோள் வரைக்கும் இருக்கட்டும்னா. தோள்லதான் வெட்டினேன்.”

“ஈரத்துலயா?”

“ஈரத்துலதான். சீவி, நேரா இழுத்துப் பிடிச்சு.”

மாஸ்டர் தன் மணிக்கட்டில் கிடந்த ஸ்பிரிங் ஹேர் பேண்டைக் கழற்றினாள். இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் விட்டாள். அது சட்டென்று சுருண்டுகொண்டது.

முத்துச்செல்விக்குச் சுருட்டை முடி. காய்ந்ததும் மேலே ஏறிவிட்டது. வடிவுக்கு அது இப்போதுதான் விளங்கியது. விளங்கியும் மனசு ஆறவில்லை.

“சரி, ஏறிட்டு. காது மடல்ட்ட போய் நின்னுட்டு. அதுவும் அழகாத்தானே இருந்துச்சு? அதுக்குப்போய் ஸ்கார்ஃபைத் தலையில சுத்திக்கிட்டு ஓடுவாளா?”

“தெரியலையேக்கா.”

“நீங்களே தெரியலைன்னா எப்படி?”

“அவளுக்குல்லா தெரியும்.”

“போன் போட்டுக் கேட்டேனே. ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்காங்கா.”

மாஸ்டர் சீப்புகளைத் துண்டில் பரப்பினாள்.

“இன்னிக்கு அவ வாரா. நான்தான் வரச் சொன்னேன்.”

“நீங்க வெட்டிருங்க மாஸ்டர்.”

“நீங்கதான் வெட்டணும்.”

“இன்னிக்கும் அழுதான்னா நான் பழையபடி மில்லுக்கே போயிருவேன். சத்தியமா.”

“சரிக்கா.”

ஒரு பேச்சுக்காவது போகாதீங்கக்கா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாஸ்டரின் இறுக்கிய கொண்டையைப் பின்னாலிருந்து முறைத்துக்கொண்டு நின்றாள் வடிவு. அந்தக் கொண்டையை அவிழ்த்து யாரும் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் வெட்டுகிறவள் தன் தலையில் ஒருத்தரையும் கை வைக்க விட்டதில்லை. வடிவு ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். உடனே மாஸ்டர் ஏதாவது வேலை சொல்லிவிடுவாள்.

முத்துச்செல்வி வந்தாள். துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிற பெண். தலையில் அதே ஸ்கார்ஃப். அவிழ்த்துக் கொக்கியில் மாட்டியதும், வெட்டு விழுந்து வளர்ந்த முடி இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு நின்றது. வடிவைக் கண்டதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

“மேடம், நீங்க வெட்டலையா?”

“நான் பக்கத்துலயே நிக்கேன். அக்கா வெட்டுவாங்க.”

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள்.

வடிவு வழக்கம்போல அந்தக் கறுப்புத் துணியை உதறி எடுத்தாள். ஆள் உட்கார்ந்தவுடனே கழுத்தைச் சுற்றி அதைப் போர்த்தி, பின்னால் ஊக்கு மாட்டிவிட்டுத்தான் அவள் பேச்சையே ஆரம்பிப்பாள். ஆடையில் முடி விழுந்துவிடக் கூடாதல்லவா, அந்த அக்கறை.

மாஸ்டர் அந்தத் துணியைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“துணியை அப்புறம் போர்த்தலாம். முதல்ல கேளுங்க.”

வடிவு கேட்டாள். “எப்படிம்மா வெட்டணும்?”

முத்துச்செல்வி வாயைத் திறந்தாள்.

மாஸ்டர் ஹேர் டிரையரை முழு வேகத்தில் போட்டாள்.

பார்லர் முழுக்க இரைச்சல். முத்துச்செல்வியின் உதடு அசைவது தெரிந்தது. ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

“மாஸ்டர்! ஒண்ணும் கேக்கல!” என்று கத்தினாள் வடிவு.

மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவுக்கு வந்த கோபத்துக்கு அந்த டிரையரைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்திருப்பாள். நல்ல வேளை, கீழே மெடிக்கல் ஷாப்பில் ஆட்கள் நின்றார்கள். வேறு என்ன செய்ய என்று தெரியாமல், கண்ணாடிக்குள் பேசிக்கொண்டிருந்த பெண்ணையே பார்த்தாள்.

வலது கை தோளில் ஒரு கோடு போட்டது. பிறகு இரண்டு பக்கமும் உப்பியிருந்ததை அமுக்கிக் காட்டியது. அது பேசுகிற கை.

இடது கை பேசவில்லை. அது பாட்டுக்கு இடது காதுக்குப் பின்னால் போனது. அங்கிருந்த ஒரு சுருளை முன்னால் இழுத்து, அப்படியே பொத்திக்கொண்டது. இறங்கியது. கொஞ்ச நேரம் மடியில் கிடந்தது. மறுபடியும் அங்கேயே போனது.

தன் கை அங்கே போவது முத்துச்செல்விக்கே தெரியவில்லை.

அன்றைக்கும் இந்தக் கை இப்படித்தான் போயிருக்கும். துணிக்கு அடியில், வெளியே வர வழியில்லாமல் கிடந்திருக்கும்.

அவள் தன் உள்ளங்கையைத் தன்னுடைய இடது காதுக்குப் பின்னால் வைத்தாள். கண்ணாடி வழியே அவளைப் பார்த்தாள்.

முத்துச்செல்வியின் உதடு அசைவது நின்றது.

மாஸ்டர் டிரையரை நிறுத்தினாள்.

“இங்கயாம்மா?” என்றாள் வடிவு.

முத்துச்செல்வி அந்தச் சுருளைத் தானே ஒதுக்கிக் காட்டினாள். காதுக்குப் பின்னால் கழுத்தில் இறங்கிய ஒரு வெள்ளைத் திட்டு. ஒரு வெற்றிலை அகலம் இருக்கும்.

“ஒட்டுற வியாதி இல்லக்கா. டாக்டரே சொல்லிட்டாரு. ஆனா நான் சேலை எடுக்கத் திரும்பும்போது யாராவது அதைப் பாத்துட்டா, கையில இருக்க சேலையை அப்படியே வச்சிருதாங்க.”

“அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

“எப்படிக்கா சொல்ல? தோள் வரைக்கும் இருந்தா தன்னால மறைஞ்சிரும்னு நெனச்சேன்.”

வடிவின் கை பழக்கத்தில் தண்ணீர் பாட்டிலுக்குப் போனது. பாதியில் திரும்பிக் கத்தரிக்கோலை எடுத்தது.

காய்ந்த முடியிலேயே வெட்டினாள். ஒரு சுருளை எடுப்பாள். விடுவாள். அது எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பாள். பிறகுதான் வெட்டுவாள். மேலே உப்பியிருந்தது மெல்ல மெல்ல அடங்கியது. இடது காதுப் பக்கம் கத்தரிக்கோலைக் கொண்டுபோகவே இல்லை.

“இப்ப சேலை எடுக்க மாதிரி திரும்பும்மா.”

முத்துச்செல்வி நாற்காலியில் இருந்தபடியே திரும்பி, இல்லாத அலமாரியில் இருந்து இல்லாத சேலை ஒன்றை உருவினாள். முடி அசைந்தது. திட்டு தெரியவில்லை.

“குனிஞ்சு விரிச்சுக் காட்டு.”

குனிந்தாள். அந்தச் சுருள் முன்னால் வந்து விழுந்து, நிமிர்ந்ததும் தன் இடத்துக்கே போய்விட்டது. இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

“வேற கலர் இருக்காம்மா?”

“இதே டிசைன்லயே இருக்கு மேடம், பாருங்க!” என்றாள் முத்துச்செல்வி. சொல்லும்போதே சிரிப்பு பொங்கி வந்துவிட்டது. சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தாள். வடிவும் சிரித்தாள். மாசக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்தச் சிரிப்போடு இறங்கிப் போயிற்று.

முத்துச்செல்வி படியிறங்கிப் போன பிறகுதான் பார்த்தார்கள். ஸ்கார்ஃப் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“மில்லுக்கு எப்ப போறீக?” என்று கேட்டாள் மாஸ்டர்.

“போகலை.”

வடிவு தரையில் கிடந்த முடியைக் கூட்டி அள்ளினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“மாஸ்டர், இதை நீங்க எப்படிக் கத்துக்கிட்டீங்க?”

மாஸ்டர் காலியான நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கை நீட்டி டிரையரைப் போட்டு மேசைமேல் வைத்தாள். கண்ணாடிக்குள் அவள் உதடு அசைந்தது.

ஒண்ணும் கேக்கல என்று சொல்லப்போன வடிவு, வாயை மூடிக்கொண்டு அவள் கைகளைப் பார்த்தாள்.

அவை கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தன.