பென்சில் படாத கடிதம்

தூத்துக்குடியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தும் நஸ்ரினுக்கு வயது இருபத்தொன்பது. அவளுடைய மாணவர் செல்லக்கனிக்கு ஐம்பத்திரண்டு. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மறுநாள் அதிகாரிகள் முன்னால் ஒரு பக்கம் ஆங்கிலம் வாசித்துக் காட்டினால் சூப்பர்வைசர் ஆகிவிடலாம்.

அவருடைய புத்தகத்தில் ஒவ்வொரு ஆங்கில வார்த்தைக்கு மேலேயும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கும். மனிதர் வாசிப்பதெல்லாம் அந்தப் பென்சில் எழுத்தைத்தான். புதுப் பக்கம் ஒன்றை நீட்டினால் போதும், வேர்த்துக் கொட்டிவிடும்.

“நாலு மாசமாச்சு டீச்சர். இந்தப் பயம் எப்பத்தான் போவும்?”

நஸ்ரின் மேசை டிராயரிலிருந்து ஒரு தபால் உறையை எடுத்து நீட்டினாள்.

“காலேஜ் வேலைக்கு இன்டர்வியூ போனேன்லா, அதோட முடிவு. காலையில வந்துச்சு. பிரிக்கக் கை வரல அண்ணாச்சி. நீங்க படிச்சுச் சொல்லுங்க.”

“நானா? இங்கிலீஷ்லல்லா இருக்கும்!”

“பின்ன?”

உறையைக் கிழித்தார். தாளைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கை பென்சிலைத் தேடியது.

“நீங்க எழுதி முடிக்கதுக்குள்ள எனக்கு உயிரே போயிரும். படிங்க!”

படித்தார். ‘டியர் மேடம்’ வரை சுகமாகப் போனது. அடுத்த வரியிலேயே முழ நீளத்துக்கு ஒரு வார்த்தை. அதைப் பாதி கடித்து, பாதி விழுங்கித் தாண்டினார்.

“வேலை உண்டா இல்லையான்னு சொல்லாம என்னென்னமோ எழுதியிருக்கானே!”

“மேல படிங்க!”

விரல் வரிக்கு வரி ஓடியது. குரல் ஏறிக்கொண்டே போனது. கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

“செலக்டட்! டீச்சர், செலக்டட்னு போட்டிருக்கு! ஜூன் ஒண்ணாந்தேதி சேரணுமாம்!”

நஸ்ரின் துள்ளி எழுந்ததில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. செல்லக்கனி அந்தத் தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தனக்கே வேலை கிடைத்ததுபோல் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் வெட்கம் வந்தது.

“அவசரத்துல தாறுமாறாப் படிச்சிட்டேன். எத்தனை தப்பு இருக்கும், டீச்சர்?”

நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் எங்க எண்ணுனேன்? நீங்க எண்ணுனீங்களா, அண்ணாச்சி?”