பூந்திக்காய்க்கு நுரை வந்த கதை

அந்தக் காலத்தில் மரமும் பேசும், மந்தியும் பேசும். ஆனால் பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்கிறவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

மலையடிவாரத்தில் ஒரு பூந்தி மரம் நின்றது. அதன் பழம் அப்போது வெல்லப்பாகு மாதிரி இனிக்கும். விடிந்தால் போதும், மைனாவும் கொண்டைக்குருவியும் கிளைகொள்ளாமல் வந்து உட்காரும். பூந்திக்கு அந்தச் சத்தம்தான் உயிர்.

மரத்தடியில் இருந்த மந்தியின் குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. தொண்டை வீங்கி, தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. கரடி வைத்தியர் குங்கிலியப் பிசினைக் கொடுத்து, "பொடிச்சுத் தண்ணியில கலந்து மூணு நாள் குடு, சரியாயிடும்" என்றார். பாவம், மந்தி கை ஓயக் கலக்கிக் கொடுத்தாள். குட்டியும் மடமடவென்று குடித்தது. காய்ச்சல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் கரடி வந்து, மருந்து கலக்கிய கொட்டாங்கச்சியைத் தடவிப் பார்த்தார். பிசின் முழுக்க அதன் ஓரத்திலேயே அப்பிக்கிடந்தது.

"மூணு நாளா பிள்ளை வெறுந்தண்ணியத்தானே குடிச்சிருக்கு" என்றார்.

"நீங்க சொன்னபடிதானே செஞ்சேன்" என்று மந்தி அழுதாள்.

கரடி பூந்தியை நிமிர்ந்து பார்த்தார். "பிசினுக்கும் தண்ணிக்கும் ஆகாது. நடுவுல ஒருத்தர் நின்னு ரெண்டு பேர் கையையும் பிடிச்சுக்கணும். உன் பழச்சாறால அது முடியும். ஆனா இனிப்பு இருக்கிற வரைக்கும் பிடி நிக்காது. வேர் வழியா மண்ணுல இறக்கி விட்டுடணும். விட்டா திரும்ப வராது."

"அக்கா, எம்பிள்ளைக்காக" என்றாள் மந்தி.

பூந்தி பறவைகளை நினைத்துக்கொண்டது. இனிப்புப் போனால் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது. "நாளைக்குக் காலையில சொல்றேன்" என்றது.

முடியாது என்று சொல்லியிருந்தாலாவது மந்தி வேறு எங்காவது ஓடியிருப்பாள். நம்பி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பறவைகளுக்குக் கடைசியாக ஒரு தடவை பழம் கொடுத்தது பூந்தி. அவை பறந்து போனதும் இனிப்பை மண்ணில் இறக்கிவிட்டு, "இந்தா, எடுத்துக்கோ" என்று ஒரு காயை உதிர்த்தது.

மந்தி அதை நசுக்கிப் போட்டுக் கலக்கினாள். பிசின் ஒரு துளிகூட ஒட்டவில்லை. தண்ணீர் பால்போல வெளுத்து நுரைத்தது. அப்படியே குட்டியின் வாயில் ஊற்றினாள். கடைவாய் வழியாக எல்லாம் வெளியே வழிந்தது. தொட்டுப் பார்த்தாள். உடம்பு எப்போதோ குளிர்ந்திருந்தது.

மந்தி குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மலையேறிப் போனாள். பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

அன்று முதல்தான் பூந்திக்காய் கசக்கிறது, எந்தப் பறவையும் அதைத் தீண்டுவதில்லை. அன்று முதல்தான் அது, தண்ணீர் பட்டதும் நாளைக்கு என்று சொல்லாமல், அந்த நொடியே நுரைக்கிறது.