தூதுவளையைப் பழிவாங்கிய கரடி

தேன் நிறையவும் புத்தி கொஞ்சமும் விளைந்த ஒரு காட்டில் கரடி ஒன்று இருந்தது. யார் என்ன செய்தாலும் அது மறக்காது. என்றோ தன் தலையில் காய் போட்ட அத்திமரத்தை இன்றும் முறைத்துவிட்டுத்தான் போகும்.

குழந்தைகளே, அந்தக் கரடியின் பெரிய பகையாளி ஒரு தூதுவளைக் கொடி. குகை வாசலில் படர்ந்திருந்த கொடி, ஒருமுறை கரடியின் மூக்கை முள்ளால் கீறிவிட்டது. அன்றிலிருந்து கரடி அதைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தது. வேர் உள்ளேயே இருந்ததால் மழை பெய்ததும் கொடி மறுபடி துளிர்த்தது.

"வேண்டுமென்றே வளர்கிறான்" என்று கரடி உறுமியது.

மார்கழிப் பனியில் கரடிக்குச் சளி பிடித்தது. தேனடைக்குப் பக்கத்தில் போனாலே இருமல் வந்தது. சத்தம் கேட்டதும் தேனீக்கள் திரண்டு வந்து கொட்டின. நாலு நாளாக ஒரு சொட்டுத் தேன் இல்லை. கரடியின் வயிறு ஒட்டிப்போனது.

பக்கத்து வளையில் ஒரு தந்திரக்காரக் கீரி இருந்தது. கரடி இருமும்போதெல்லாம் வளை அதிர்ந்து கீரியின் தலையில் மண் உதிர்ந்தது.

"அண்ணே, தூதுவளை இலையைத் தின்றால் இருமல் நிற்கும்" என்றது கீரி.

"அந்தப் பயல் தரும் மருந்தா? இருமியே சாவேன்."

"நீங்கள் செத்தால் தூக்க இங்கே ஆள் கிடையாது, அண்ணே."

கீரி கொஞ்சம் யோசித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "கரடிக்கு என்னைப் பிய்க்கத்தான் தெரியும், மென்று தின்னத் தைரியம் இல்லை என்று அவன் சொல்லித் திரிகிறானாம்" என்றது.

"யாரிடம் சொன்னான்?"

"ஓணானிடம்."

கரடியின் கறுத்த முகம் இன்னும் கறுத்தது. "போயும் போயும் ஓணானிடமா?"

ஒரே பாய்ச்சலில் கொடியை முள்ளோடு வாரி வாயில் போட்டது. "இது என் மூக்குக்கு. இது போன வருஷத்துக்கு. இது அந்த ஓணானுக்கு" என்று சொல்லிச் சொல்லி மென்றது. நாக்கெல்லாம் குத்தியது. கண்ணில் நீர் வழிந்தது.

"நாளைக்கும் துளிர்ப்பானே, அண்ணே?"

"நாளைக்கும் தின்பேன்."

இப்படித் தினமும் தின்றதில் ஐந்தாம் நாள் இருமல் போய்விட்டது. கரடி சத்தமில்லாமல் மரமேறி, வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டு இறங்கியது.

"இருமல் எப்படி நின்றது, அண்ணே?" என்று கேட்டது கீரி.

"பகையைத் தீர்த்தேன், நெஞ்சு லேசானது. அந்த இலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"இல்லவே இல்லை" என்று சொல்லிவிட்டு, கீரி நிம்மதியாக வளைக்குள் போய்ப் படுத்தது.

நீதி: வன்மம் பிடித்தவனுக்கு மருந்தைக்கூடப் பழிவாங்கல் என்று சொல்லித்தான் ஊட்ட வேண்டும்.