கண்டக்டரின் நத்தை வாளி

கொல்லிமலைச் சரிவில் உண்ணாமுலை அம்மையின் மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு கீரைத் தோட்டம். வழிப்போக்கர் யார் வந்தாலும் சோறும் கீரைக் கடைசலும் உண்டு. அவ்வளவுதான்.

அங்கே தீட்சை கேட்டு வந்தவர் திருவம்பலம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் தயங்காமல் காலில் விழுந்தார்.

"தைப்பூசத்தன்னிக்குத் தரேன்," என்றாள் அம்மை. "அதுவரைக்கும் கீரைத் தோட்டம் உங்க பொறுப்பு. வர்றவங்க பசியோட போகக் கூடாது. உங்க கையால ஒரு உயிரும் சாகக் கூடாது."

"இவ்வளவுதானா?" என்றார் திருவம்பலம். பாவம், நத்தை என்ன செய்யும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

மார்கழி பிறந்தது. ஓடில்லாத நத்தைகள் கொழகொழவென்று ஊர்ந்து வந்தன. ராத்திரி முழுக்கத் தின்னும். விடிந்து பார்த்தால் இலையில் ஓட்டையும் மண்ணில் பளபளவென்று ஒரு கோடும்தான் மிச்சம். முளைத்த சிறுகீரை ஒரு பாத்தி முழுசாகப் போயிற்று.

சாம்பல் தூவினார். அது நனைந்து சேறாயிற்று. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடு என்றார் ஒருவர். சைவ மடத்தில் முட்டைக்கு எங்கே போவது? கிண்ணத்தில் கள் ஊற்றி வை, குடித்துவிட்டு அதிலேயே விழுந்து சாகும் என்றார் இன்னொருவர். "சிவ சிவா!" என்று காதைப் பொத்திக்கொண்டார். உரக்கடையில் நீல உருண்டை மருந்து இருந்தது. அதைத் தொடவே பயந்தார். தீட்சை போய்விடுமே!

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். காலை ஜபம் முடிந்ததும் பாத்தியில் பரப்பிய வைக்கோலைப் புரட்டுவார். அடியில் சுருண்டு கிடக்கும் நத்தைகளை ஒரு இலையால் பொறுக்கி வாளியில் போடுவார். வேலியோரம் போய் அந்தப் பக்கம் கவிழ்ப்பார். "போய்ப் பொழச்சுக்கோங்க," என்று வாழ்த்தும் சொல்வார். ஒன்றும் சாகவில்லை. அவருக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மாவின் பீன்ஸ் கொல்லை.

தைப்பூசத்துக்குச் சில நாள் இருக்கும்போது வெள்ளையம்மா மடத்து வாசலில் வந்து நின்றாள். கையில் நீல உருண்டைப் பொட்டலம்.

"ஏனுங்க சாமி, ஊருக்கு இளைச்சவ நாந்தானா? நீங்க புண்ணியம் தேட எம் பீன்ஸுதான் கெடச்சுதா?"

திருவம்பலம் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பொறுத்துப் பாத்தேன். நேத்து இந்த மருந்த வச்சுட்டேன். நத்தை செத்துச்சு. உருண்டையக் கொத்தின கோழியும் செத்துச்சு. குஞ்சு பொரிச்ச கோழிங்க அது. குஞ்செல்லாம் தாயில்லாமக் கத்திக்கிட்டுக் கெடக்குது."

"ஐயோ," என்றார் திருவம்பலம்.

"இன்னைக்கும் வைக்கத்தான் போறேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. உள்ளே போனார். அம்மை அரிவாள்மணையில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"அம்மா, என் கையால நான் ஒண்ணையும் கொல்லலை."

அம்மை அரிவதை நிறுத்தவில்லை.

"தீட்சை போச்சா?"

அம்மை அடுத்த துண்டை எடுத்தாள்.

"கொல்லாம, அடுத்தவங்க தலையிலயும் கட்டாம, இந்த நத்தைய என்னதான் செய்யறது? அதையாவது சொல்லுங்க."

"சாயங்காலம் தோட்டத்துல வழக்கமா என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க. வந்து பாக்கறேன்."

சாயங்காலம் திருவம்பலம் பூவாளியை எடுத்தார். ஒவ்வொரு பாத்தியும் ஊறும்வரை தண்ணீர் தெளித்தார். பனி தாக்கக் கூடாது என்று வைக்கோலை இழுத்துப் போர்த்தினார். பிள்ளையைத் தூங்கவைப்பது போல அவ்வளவு பதமாகச் செய்தார். அம்மை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இதெல்லாம் யாருக்கு?"

"கீரைக்குத்தான்."

"ராத்திரியில பசியோட முழிச்சிருக்கறது கீரையா?"

அவர் பாத்தியைப் பார்த்தார்.

"ஊர்றதுக்கு ஈரம். படுக்க வைக்கோல். பக்கத்துலயே இளங்கீரை. வெத்தல பாக்கு வச்சு நீங்களே தினம் அழைச்சுட்டு, வந்துட்டாங்களேன்னு அழறீங்க."

திருவம்பலம் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்ப வைக்கோல எடுத்துட்டுத் தண்ணிய விடியக்காலையில விட்டா?"

"சாயங்காலத்துக்குள்ள மேல்மண்ணு காஞ்சுரும். காஞ்ச மண்ணுல ஊர்றது அதுக்குச் சிரமம். ஈரம் இருக்கிற ஓடைப் பக்கமாப் போயிரும்."

வைக்கோலில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"ஆனா அம்மா, விடியக்காலை என் ஜப நேரமாச்சே. அதுக்காகத்தானே தண்ணிய சாயங்காலத்துக்குத் தள்ளினேன். ஜபத்தை விட்டுட்டா தீட்சைக்கு நான் எப்படித் தகுதியாவேன்?"

அம்மை சமையல்கட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள். நின்று திரும்பினாள்.

"தினமும் ஜபம் முடிச்ச கையோடதானே கண்டக்டரே, அந்த வாளியக் கவுத்தீங்க?"